விரைவில் நீங்களும்!

போன வெள்ளிக்கிழமை காலையில் என் தம்பி செத்துப்போனான். மத்தியானத்துக்குள் சரியாகிவிட்டது.

பதறாதீர்கள். ஆள் நன்றாக இருக்கிறான். நேற்றுகூட ஒரே மூச்சில் ஐந்து பரோட்டா சாப்பிட்டான். அவனைக் கொன்ற பாவி நான்தான். கத்தி, அரிவாள் எதுவும் எடுக்கவில்லை. ஒரு ஃப்ளெக்ஸ்... அவ்வளவுதான்.

தம்பி என்றால் சித்தி மகன். பெயர் சுருளிவேல். போடியில் ஒரு இலவம் பஞ்சு குடோனில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, இந்த வருஷம் தேனியில் போடி ரோட்டில் சொந்தமாகத் தலையணைக் கடை வைத்தான். கடைக்குப் பின்னால் பஞ்சு அடிக்கும் மெஷின் ஒன்று உண்டு. அதை ஓட்டிவிட்டு வந்தானானால் தலைமுடி, புருவம், மீசை, காது மடல் எல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்கும். இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உதவும்.

கடை நன்றாகத்தான் இருந்தது. ஆள்தான் வரவில்லை.

செல்வியின் அண்ணன் கோயம்புத்தூரில் இருக்கிறார். செல்வி என்றால் சுருளியின் மனைவி. அந்த அண்ணன், ஒரு மில்லில் மாப்பிள்ளைக்கு சூப்பர்வைசர் வேலை பேசி வைத்திருந்தார். அடுத்த மாசம் ஒன்றாம் தேதி சேர வேண்டும். சுருளிக்குப் போக இஷ்டமே இல்லை. கோயம்புத்தூர் என்ற பெயரைக் கேட்டாலே முகம் தொங்கிவிடும். கடைசியில் செல்விதான் பஞ்சாயத்தை முடித்தாள்.

"இந்த மாசம் முடியுறதுக்குள்ள அம்பது தலகாணி வித்தா இங்கன இருப்போம் மதினி. இல்லைன்னா மூட்டையக் கட்டிருவோம்" என்றாள்.

அதுவரை விற்றது மூன்று. அதில் ஒன்று நான் வாங்கியது.

"அக்கா, நீதான் எதாச்சும் பண்ணணும். ஒரு மார்க்கெட்டிங் பிளான் போட்டுக் குடுக்கா" என்றான் சுருளி, ஒரு காப்பி போட்டுக் கொடு என்கிற மாதிரி.

ஏன் என்னிடம்? சென்னையில் பதினொரு வருஷம் விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்தவள் நான். அங்கே நான் எழுதியதில் பாதி சமையல் எண்ணெய்க்கு, மீதி பிளாஸ்டிக் பைப்புக்கு. ஆனாலும் எங்கள் சொந்தத்தில் மார்க்கெட்டிங் என்ற வார்த்தையைத் தடுமாறாமல் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் எனக்கு ஒரு மரியாதை இருந்தது. இருந்தது... இறந்தகாலத்தைக் கவனியுங்கள்.

சிறிய கடைக்குச் சிறிய திட்டம் போதும் என்பது என் கொள்கை. ஒரே ஒரு தாள். யாருக்கு விற்கிறோம், அவர்கள் ஏன் நம்மிடம் வாங்க வேண்டும், நாம் இருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும், எந்தத் தேதிக்குள் எவ்வளவு... இதற்கு மேல் எழுதினால் எழுதுகிறவருக்கு வேலை இல்லை என்று அர்த்தம். தாளை எடுத்துக்கொண்டு சுருளியின் எதிரே உட்கார்ந்தேன்.

"யாருக்குடா விக்கப் போற?"

"தலை இருக்குற எல்லாருக்கும்."

"அப்படிப் பொத்தாம்பொதுவா சொல்லக் கூடாது. குறிப்பா ஒரு ஆள் வேணும். அதுக்குப் பேருதான் டார்கெட்டு."

ரொம்ப நேரம் விட்டத்தைப் பார்த்து யோசித்தான்.

"கழுத்து இருக்குற ஆளு."

இப்படியே அரை மணி நேரம் இழுத்து, 'தூக்கம் வராதவர்கள்' என்று முதல் கேள்விக்கு நானே பதில் எழுதினேன். ஏன் நம்மிடம்? இலவம் பஞ்சு தலைக்குச் சூடு ஏற்றாது, குளிர்ச்சி. எவ்வளவு? ஐம்பது. அது செல்வி போட்ட கணக்கு. மிச்சம் இருந்தது ஒரே கேள்வி. ஜனங்களுக்கு எப்படித் தெரியும்?

"சொந்தக்காரக வீட்டுக்கெல்லாம் நானும் இவுகளும் நேர்ல போய்ச் சொல்லிட்டு வந்துரவா மதினி?" என்றாள் செல்வி.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கே என்னை ஓங்கி ஒன்று வைக்கலாம்போல இருக்கிறது. "இது கல்யாணம் இல்ல செல்வி, பிசினஸ்" என்றேன். கடைத் திறப்பு விழாவுக்கும் இதே அறிவுரைதான் சொல்லியிருந்தேன். அலையாதீர்கள், பத்திரிகையை வாட்ஸ்அப்பில் தட்டிவிடுங்கள் என்று. தட்டிவிட்டார்கள். அறுபது பேர் கும்பிடு போடும் பொம்மை அனுப்பினார்கள். விழாவுக்கு வந்தது நான்கு பேர். அதில் ஒருவர் பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்க வந்தவர்.

அனுபவத்திலிருந்து பாடம் கற்றுக்கொள்ளும் பழக்கம் நமக்கு உண்டா என்ன? அடுத்த ஐடியாவுக்குத் தாவினேன். டீஸர்!

டீஸர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் என்ன பொருள் என்றே சொல்லாமல் ஒரு விளம்பரம் வைப்போம். பார்க்கிறவர்கள் 'இது என்னடா?' என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். மூன்று நாள் கழித்து, கடைப் பெயரோடு அடுத்த ஃப்ளெக்ஸ். சென்னையில் இதற்குக் கைதட்டுவார்கள்.

சுருளியைக் கடைக்குள்ளேயே ஒரு வெள்ளைத் தலையணையில் படுக்க வைத்தேன். கழுத்து வரைக்கும் வெள்ளைப் போர்வை. கண்ணை மூடு என்றேன், மூடினான். சிரிக்காதே என்றேன், சிரிக்கவில்லை. மூக்குப் பக்கத்தில் கொஞ்சம் பஞ்சு ஒட்டியிருந்தது. துடைக்கலாமா என்று யோசித்து, இயற்கையாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். போனில் போட்டோ எடுத்து, மேலே கொட்டை எழுத்தில் ஒரு வரி:

'சுருளிவேல் நிம்மதியாகத் தூங்குகிறார்.'

கீழே இன்னொரு வரி:

'விரைவில் நீங்களும்!'

எனக்கே புல்லரித்தது. உங்களுக்கு இப்போது புல்லரிப்பது வேறு காரணத்துக்காக என்று தெரிகிறது. எனக்கு அன்றைக்குத் தெரியவில்லையே!

ஃப்ளெக்ஸ் கடைக்காரர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "கீழ சொந்தக்காரக பேரெல்லாம் போட வேணாமாக்கா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வேணாம். சிம்பிளா இருக்கட்டும்."

"அதுவும் சரிதான். மனசு இருக்குற நெலமையில..." என்றவர், முன்பணம்கூட வாங்கவில்லை. ஒரு கலைஞரை இன்னொரு கலைஞர் மதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் வாங்கப் போனபோது படத்துக்கு இரண்டு பக்கமும் அவராகவே ஒவ்வொரு குத்துவிளக்கு சேர்த்திருந்தார். மங்களகரமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கடை வாசலில் ஃப்ளெக்ஸைக் கட்டினோம். யாரோ ஒரு புண்ணியவான் அதைப் படம் எடுத்து ஊர் குரூப்பில் போட்டிருக்கிறார். ஏழரை மணிக்கு எனக்குப் போன். வருசநாட்டு மாமா.

இவர் எனக்கும் சுருளிக்கும் தாய்மாமன். சித்தி காலமான பிறகு சுருளிக்கு எல்லாமே இவர்தான். அவனுக்குத்தான் முதலில் போன் போட்டிருக்கிறார், எடுக்கவில்லை. மெஷின் ஓடினால் இடி விழுந்தாலும் அவனுக்குக் கேட்காது. செல்விக்குப் போட அவருக்குத் துணிச்சல் வரவில்லை. ஆகவே எனக்கு.

"ஆத்தா... எப்பத்தா ஆச்சு?" குரல் தழுதழுத்தது. சளி பிடித்திருக்கிறது போலும் என்று நினைத்தேன்.

"இப்பத்தான் மாமா. காலையில ஆறு மணிக்கு."

"யாருமே எதிர்பாக்கலையேத்தா!"

"அதான மாமா வேணும்! திடீர்னு பண்ணாத்தான் எல்லாரும் திரும்பிப் பாப்பாக."

மாமா மூக்கை உறிஞ்சினார்.

"செல்வி எப்படிம்மா இருக்கு?"

"அது முதல்ல வேணாம்னுதான் சொல்லுச்சு. நான்தான் பேசிச் சம்மதிக்க வச்சேன்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு.

"எப்பத்தா எடுக்குறாக?"

"மூணு நாள் இருக்கட்டும்னு சொல்லிட்டேன் மாமா."

"மூணு நாளா! இந்த வெயில்ல தாங்குமா?"

"அதெல்லாம் தாங்கும். மழை பெஞ்சாலும் ஒண்ணும் ஆகாது. நாலு பக்கமும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிருக்கு."

"கட்டிருக்கா? ஏந்தா, வெளிநாட்டுல இருந்து யாரும் வரணுமா?"

"வெளிநாடு என்ன மாமா, ஊரே வந்து பாக்கணும்! அதுக்குத்தான ரோட்டு ஓரத்துல நிப்பாட்டி வச்சிருக்கோம்."

"நிப்பாட்டியா!" மாமா வாய்விட்டு அழுதுவிட்டார். போன் கட்டாகிவிட்டது.

மருமகன் வளர்ச்சியைப் பார்த்து மனிதர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "பாத்தீங்களா? ஒண்ணரை மணி நேரத்துல வருசநாடு வரைக்கும் போயிருச்சு. இதுக்குப் பேருதான் ரீச்" என்று வேறு பீற்றிக்கொண்டேன்.

பத்தரை மணி. கடை வாசலில் நானும் செல்வியும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். ஒரு வேன் வந்து நின்றது. முதலில் இறங்கியது மாமா. அடுத்து ஆள் உயரத்துக்கு ஒரு ரோஜா மாலை. அப்புறம் அத்தை, பெரியம்மா, சித்தப்பா என்று இருபத்து மூன்று பேர். பெண்கள் இறங்கிய வேகத்தில் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு ஆரம்பித்துவிட்டார்கள்.

"பஞ்சு மெத்த தச்ச ராசா, பாதியில படுத்தியளா! தலகாணி வித்த ராசா, தல சாஞ்சு போனியளா!"

எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. டீ கிளாஸ் கை தவறிக் கீழே விழுந்தது. அத்தை ஓடிவந்து செல்வியைக் கட்டிக்கொண்டு கதறினாள். என்ன ஏதென்று புரியாவிட்டாலும், பெரியவர்கள் அழும்போது சும்மா நிற்பது மரியாதை இல்லையே என்று செல்வியும் சேர்ந்து அழுதாள்.

இந்தக் களேபரத்தில்தான் உள்ளே மெஷின் சத்தம் நின்றது. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை வெள்ளையாக, வாசலில் வந்து நின்றான் சுருளி.

"ஆத்தாடி, ஆவி!" என்று யாரோ அலற, ஒப்பாரி பாதியில் அறுந்தது. இருபத்திரண்டு பேர் வேனுக்குள் ஏறியேவிட்டார்கள். மாமா மட்டும் நகரவில்லை. துண்டை நீட்டிக் கேட்டார்.

"ஏலே... ஆளா நீயி, இல்ல வேறயா? ஒழுங்காச் சொல்லிரு!"

"வாங்க மாமா. எப்ப வந்தீக? டீ சொல்லவா?" என்றான் சுருளி.

ஆவி டீ சொல்லாது. மாமா கிட்டே வந்து அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். பஞ்சைத் தட்டிவிட்டார். அதே கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டார். அப்புறம் கட்டிக்கொண்டார்.

"சாகலைன்னா ஒரு வார்த்தை சொல்ல மாட்டியாலே!"

பிறகு எல்லோரும் ஃப்ளெக்ஸை அண்ணாந்து பார்த்தார்கள். இதை எழுதினது யாரு என்று ஒரு கேள்வி வந்தது. சுருளியின் விரல் என் பக்கம் நீண்டது. நான் டீ கிளாஸ் துண்டுகளை ரொம்பச் சிரத்தையாகப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"படிச்ச புள்ள செய்யுற காரியமாத்தா இது? விரைவில் நீங்களும்னு வேற போட்டிருக்க! எங்க சித்தப்பா வேன்ல அதப் படிச்சுட்டுப் பயந்துபோய் ரெண்டு பிரஷர் மாத்திரை சேத்துப் போட்டுக்கிட்டாக. மொதல்ல அத எடுங்கத்தா!" என்றாள் அத்தை.

எடுத்தோம்.

அடுத்து ஒரு சட்டப் பிரச்சினை கிளம்பியது. துட்டிக்கு, அதாவது இழவுக்கு என்று கிளம்பி வந்தாகிவிட்டது. குளிக்காமல் கடைக்குள் வரலாமா? சாவே நடக்காதபோது எதற்குக் குளிக்க வேண்டும் என்றது ஒரு கட்சி. நடந்ததோ இல்லையோ, அழுதது அழுததுதானே என்றது இன்னொரு கட்சி. கால் மணி நேரம் வாதம் நடந்து, காலைக் கழுவினால் போதும் என்று தீர்ப்பானது. மாலையைத் திருப்பி எடுத்துப் போகக் கூடாதாம், சுருளி கழுத்திலும் போடக் கூடாதாம். பஞ்சு மெஷினுக்குப் போட்டார்கள்.

எல்லாம் அடங்கிய பிறகு பார்த்தால், சுருளி ஒரு தலையணையை மடியில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுகிறான்.

"எனக்காகவா மாமா இத்தனை பேரும் அழுதுக்கிட்டு வந்தீக? கடை தொறந்தப்ப ஒரு ஆளு எட்டிப் பாக்கலையே! எம் மேல யாருக்கும் பிரியம் இல்லன்னு நெனச்சேனே!"

"நீ எங்கலே சொன்ன?" என்றார் மாமா.

"போன்ல பத்திரிகை அனுப்புனேன்ல? நீங்ககூடக் கும்பிடு போட்டீகளே!"

"கும்பிடு போட்டா வாறேன்னு அர்த்தமாலே? வீட்டுக்கு வந்து சொன்னியா? செல்வி வந்து சொல்லுச்சா? இழவுன்னா காதுல விழுந்தாப் போதும், ஓடியாந்துருவோம். நல்ல காரியத்துக்குச் சொல்லாம எப்படிலே வர்றது? அன்னைக்கு வெள்ளச் சட்டையத் தேச்சு வச்சுட்டு, சாயந்தரம் வரைக்கும் ஒக்காந்திருந்தேன்லே... நீ சொல்ல வருவேன்னு."

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அறுபது பேருக்கும் கடை திறப்பது தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள், ஏனென்றால் யாரும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் தெரிவது வேறு, சொல்வது வேறு. இதே ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு இது எப்படி மறந்துபோனது? செல்விக்கு மறக்கவில்லை. அவள் சொன்னபோது சிரித்தேன்.

அவள் விறுவிறுவென்று பக்கத்துப் பெட்டிக்கடைக்குப் போய் வெற்றிலை, பாக்கு, குங்குமம் வாங்கி வந்தாள். கடையில் தட்டு இல்லை. ஒரு புதுத் தலையணையின் மேல் எல்லாவற்றையும் வைத்து எடுத்துக்கொண்டு மாமாவின் முன்னால் வந்தாள். சுருளியையும் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

"பெரியப்பா, பெரியம்மா... நாங்க போடி ரோட்டுல தலகாணிக் கடை வச்சிருக்கோம். குடும்பத்தோட அவசியம் வந்துரணும்."

மாமா அந்தக் கடைக்குள்தான் நின்றுகொண்டிருக்கிறார். ஆனாலும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு, வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

"ரொம்பச் சந்தோசம்மா. கடை எங்கன இருக்கு?"

"இங்கனதான் பெரியப்பா."

"நல்லதும்மா. கண்டிப்பா வந்துருவோம்."

இருபத்து மூன்று பேருக்கும் இப்படியே முறை சொல்லி அழைப்பு நடந்தது. எல்லோரும் வெளியே போனார்கள். ரோட்டு ஓரத்தில் ஒரு நிமிஷம் நின்றார்கள். முடியைக் கோதி, சேலையைச் சரிசெய்து, வலது காலை எடுத்து வைத்து மறுபடியும் உள்ளே வந்தார்கள். "வாங்க, வாங்க" என்று சுருளியும் செல்வியும் வாசலில் நின்று வரவேற்றார்கள். "அடேயப்பா, கடை எம்புட்டுப் பெருசு!" என்றாள் அத்தை, முதல் தடவை பார்க்கிறவளைப் போல.

அப்புறம் என்ன, தலையணைகளை அமுக்கிப் பார்ப்பதும், மோந்து பார்ப்பதும், கன்னத்தில் வைத்துப் பார்ப்பதுமாக ஒரே திருவிழா. மாமா சும்மா படுத்துப் பார்க்கிறேன் என்று படுத்தவர், இரண்டே நிமிஷத்தில் குறட்டை விட்டார். போட்டோ எடுக்கவா என்று நான் கேட்டேன். அத்தை என்னைப் பார்த்த பார்வையில் போனைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

நாற்பத்தோரு தலையணை போனது! ஏற்கெனவே விற்ற மூன்றைச் சேர்த்தாலும் ஐம்பதுக்கு ஆறு குறைகிறது. அந்த ஆறையும் நானே வாங்கிவிடலாமா என்று யோசிக்கும்போதே செல்வியின் போன் அடித்தது. கோயம்புத்தூர் அண்ணன். பாதி வழியில் பஸ்ஸில் இருந்தார். ஸ்பீக்கரில் போட்டாள். சுருளியின் குரலைக் கேட்டதும் மனிதர் பஸ் என்றும் பார்க்காமல் கத்திவிட்டார்.

"மாப்ள! உசுரோடயா இருக்கீக! என் வயித்துல பால வாத்தீக மாப்ள!" என்றவர், கொஞ்சம் இழுத்தார். "ஆனா ஒரு விசயம்... தப்பா நெனைக்காதீக. அந்த மில்லு வேலைக்கு வேற ஆளப் போட்டுக்கிரவான்னு கேட்டாக. நான் சரின்னு சொல்லிட்டேன்."

"ஏண்ணே, உனக்குத் தகவல் வந்ததே எட்டு மணிக்குத்தான?" என்றாள் செல்வி.

"எட்டே காலுக்குக் கேட்டாகத்தா. அழுதுக்கிட்டேதான் சொன்னேன்."

"பரவாயில்ல மச்சான்... என்ன பண்றது..." என்று சுருளி சோகமாகச் சொல்லப் பார்த்தான். குரலில் சோகம் நிற்கவே இல்லை. போனை வைத்ததும் ஒரு குதி குதித்தான். குதித்து இறங்கும்போதே முகம் மாறிவிட்டது.

"அக்கா, இனிமே கோயம்புத்தூரும் இல்ல. இந்தக் கடை ஓடுனாத்தான் கஞ்சி. இன்னைக்கு வந்தவுக திரும்பவும் வருவாகளா?"

என் தாளில் அந்தக் கேள்வியே இல்லை.

இதற்குள் எல்லோரும் ஆளுக்கொரு தலையணை, இரண்டு தலையணை என்று கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. உங்களுக்கே தெரியும், துட்டி கேட்கப் போன வீட்டில் விடைபெறும்போது சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. காலையில் அந்த நினைப்போடு புறப்பட்டவர்கள், அதே பழக்கத்தில் பேசாமல் ஏறிவிட்டார்கள். வேன் நகர ஆரம்பித்தது.

சுருளி விடவில்லை. பஞ்சு பறக்க ரோட்டில் ஓடினான்.

"மாமா! ஏ மாமா! சொல்லாமப் போறீகளே! சொல்லிட்டுப் போங்க மாமா!"

வேன் இருபதடி தள்ளி நின்றது. ஜன்னல் கண்ணாடிகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. இருபத்து மூன்று தலைகளும் அத்தனை தலையணைகளும் வெளியே நீண்டன. போடி ரோடே திரும்பிப் பார்க்கும்படி ஒரே சத்தம்.

"போயிட்டு வாறோம்லே!"

ரிப்பீட் கஸ்டமர், ரிப்பீட் கஸ்டமர் என்று சென்னையில் பதினொரு வருஷம் நான் தொண்டை வறளப் பேசியது இந்த 'வாறோம்' என்ற வார்த்தைக்காகத்தான்!